சேற்றில் இறங்காத அம்சம்

அம்சமும் நானும் வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஒரே தெரு. இருவர் வீட்டிலும் வயல் கூலி வேலைதான். எழுபத்தெட்டில் எங்கள் பள்ளி மேல்நிலைப் பள்ளியாகி, தொழிற்பிரிவும் வந்தது. படித்து முடித்த கையோடு வேலைக்குப் போகலாம் என்றார்கள். தட்டச்சு, வேளாண்மை என இரண்டு பிரிவுகள். நான் வேளாண்மை எடுத்தேன். அம்சம் தட்டச்சு கேட்டாள். விண்ணப்பத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில், "நடவுன்னு போடுங்க" என்று சொல்லியிருந்தாள் அவள் அம்மா காத்தாயி. அதைப் பார்த்த தலைமையாசிரியர் அவளை வேளாண்மையில் சேர்த்துவிட்டார்.

"பழகுன வேலைம்மா. ஒனக்குத்தான் மார்க் சுளுவா விழும்" என்றார். கெட்ட மனதோடு சொன்னதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"நாத்து நடவா பள்ளிக்கூடம்? எங்கிட்டயே கத்துக்கிட்டிருப்பா. யூனிபாரத் துணியாவது மிச்சம்" என்றாள் காத்தாயி. அம்சம் சிரிக்கவில்லை. இடைவேளைகளில் தட்டச்சு வகுப்பின் சன்னலருகே நின்று, எழுத்து வரிசையை நோட்டின் பின்னட்டையில் வரைந்துகொண்டாள்.

பள்ளிக்கு நிலம் கிடையாது. செய்முறைப் பயிற்சிக்கு மிராசுதார் ரெங்கசாமி அரை ஏக்கர் விட்டிருந்தார், விளைச்சல் அவருக்கு. புரட்டாசியில் நடவுத் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அதே வாரம் கூலி உயர்வு கேட்டு எங்கள் தெரு வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

நாங்கள் நடவுக் கயிற்றோடு போனபோது பெண்கள் வாய்க்கால் கரையில் நின்றிருந்தார்கள். காத்தாயி வேளாண்மை ஆசிரியர் நடராசனை மறித்தாள்.

"ஏன் சார், கூலி கேட்டு நாங்க கரையில நிக்கிறோம். நீங்க கூலியே இல்லாம எம்மவள எறக்குறீங்க. இது என்ன பாடம்?"

"பரீட்சைம்மா. அம்பது மார்க்கு."

"அப்ப பண்ணைக்காரருக்கு அம்பதுக்கு அம்பது போட்டுடுங்க."

கரையில் சிரிப்பு எழுந்தது. நடராசனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் பெயர்களைக் கூப்பிட்டார். நான் இறங்கினேன். அம்சம் வரப்பிலேயே நின்றாள். எனக்கு நாற்பத்திரண்டு, அவளுக்கு சைபர்.

மறுநாள் தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். ரெக்கார்டு நோட்டுகளை வைக்கப் போயிருந்த நானும் அறையில் இருந்தேன்.

"நடவு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும் சார். அதான் எறங்கல."

"பெயிலாயிடுவே."

"சைபர் வாங்குன பிள்ளைய இந்தக் குரூப்புல எதுக்கு சார் வெச்சிருக்கீங்க? டைப்புக்கு மாத்திவிடுங்க."

"அதுலயும் சைபர் வாங்கினா?"

"அங்க கூலி கேட்டு யாரும் கரையில நிக்கலியே சார்."

அவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினார். தட்டச்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவள் ஒரு வக்கீலிடம் குத்தகை வழக்கு மனுக்களைத் தட்டச்சு செய்கிறாள். நான் பி.ஏ. முடித்து வேலை தேடுகிறேன். அன்று இறங்காதது வேலைநிறுத்தத்துக்காகவா, தட்டச்சுக்காகவா என்று போன மாதம் அவளிடம் கேட்டேன்.

"நீ எதுக்கு எறங்குன? அத மொதல்ல சொல்லு" என்றாள்.

மார்க்குக்காக என்றேன். அவள் மெஷினில் அடுத்த தாளைச் செருகினாள்.