மலையில்லாத ஊரில் ஒரு குட்டிக் கியர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை கிடையாது. குன்றும் கிடையாது. ஆறு என்று பெயர் வைத்த ஒன்று உண்டு. மாரி வந்தால்தான் அதற்குத் தன் பெயர் ஞாபகம் வரும். ஒரு வாகனம் மூக்கை நிமிர்த்தி ஏறவேண்டிய இடங்கள் என்றால் மதகுகளைச் சொல்லலாம். அவற்றில் முட்டை கொண்டுபோகும் சைக்கிள்காரரே ஒரு முட்டையும் உடையாமல் ஏறி இறங்கிவிடுகிறார். இப்படிப்பட்ட நிலத்தில், நான்கு சில்லுகளாலும் இழுத்து மலையேறும் பழைய பிக்கப்புகளைத் தேடி வாங்கிச் சேர்த்தார் கொக்குவில் குகதாசன். அதிலும் ஓடுகிற வாகனத்தை அவர் வாங்கமாட்டார்.

"ஓடுறதை வாங்க மூளை தேவையில்லை, காசு காணும்" என்பது அவர் கட்சி.

எஞ்சினில் கோளாறு இருக்கவேண்டும். விற்கிறவர்கள் வவுனியாவிலிருந்தாலும் கிளிநொச்சியிலிருந்தாலும் ஒரே வசனத்தைத்தான் ஒப்புவிப்பார்கள்: "எஞ்சினிலை மட்டும் சின்னக் கரைச்சல், மற்றபடி வாகனம் திறம்." மூச்சு மட்டும்தான் இல்லை, மற்றபடி ஆள் நல்ல சுகம் என்பதுபோன்ற இந்த வசனத்தைக் கேட்டதும் குகதாசனின் முகம் மலர்ந்துவிடும். வாகனம் கயிற்றில் இழுபட்டு வந்து அவர் வீட்டு வளவில் சேரும். அங்கே நின்ற ஒன்றின் கதவில், சண்டை முடிந்த கையோடு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் சின்னம் இன்னும் இருந்தது: இரண்டு கைகள் ஒரு செடியைத் தாங்குகின்றன. நிறுவனம் திட்டத்தை முடித்து, குழுப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. செடி என்ன ஆனதென்று யாருக்கும் தெரியாது. கைகள் மட்டும் குகதாசனின் முருங்கைக்குக் கீழே துருப்பிடித்தபடி தாங்கிக்கொண்டிருந்தன.

குகதாசன் ஒரு திணைக்களத்தில் உத்தியோகம் பார்த்தவர். உத்தியோக காலம் முழுவதும் அரசாங்க ஜீப்பின் பின் இருக்கையில், கோப்புக் கட்டுகளுக்கும் சுருட்டி வைத்த கூடாரத்துக்கும் நடுவில் குந்தியிருந்தே வன்னியெல்லாம் சுற்றினார். முன் இருக்கை மேலதிகாரிக்கு, ஸ்ரேறிங் சாரதிக்கு. பென்சன் வந்த வருஷமே முதல் பிக்கப்பும் வந்தது. அதற்கு உதிரிப்பாகம் வாங்க அவர் சைக்கிளில்தான் போவார்.

மனைவி உதயகலா சண்டை பிடிக்கவில்லை. வாகனங்களை அவள் வேறுவிதமாக உயிர்ப்பித்தாள். பொனட்டுகளின் மேல் மிளகாய் பரப்பினாள், காலம் வந்தால் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குப் பரப்பினாள். "தகரம் சூடேறினால் பாயை விடக் கெதியாய்க் காயுது" என்று சொந்தக்காரருக்குச் சொல்வாள். வளவில் நின்ற நாலு பிக்கப்புகளில் ஒழுங்காக வேலை செய்தவை பொனட்டுகள்தான்.

ஆனால் குகதாசன் வெறும் கதைகாரர் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கிரீம் நிறப் பிக்கப்பை அவர் உண்மையாகவே எழுப்பினார். எஞ்சினைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, மறுபடி பூட்டி, நீளத் திருப்புளியின் கைப்பிடியைக் காதில் வைத்து மறுமுனையை எஞ்சினில் ஊன்றி, டொக்டர் நெஞ்சு பார்ப்பதுபோலக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் காலை அதை ஓடவைத்தார். அன்று பார்த்துப் பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் பருத்தித்துறையில் ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார்.

இது பெரிய இழப்பு. ஏனென்றால் பஞ்சலிங்கம் கண்டால்தான் ஊர் கண்ட மாதிரி. ஓடி நின்ற எஞ்சின் மறுபடி பிடிக்காமல் இழுத்து இழுத்து ஓய்கிற ஒவ்வொரு தடவையும் அவர் தலை மதிலுக்கு மேலே வரும்.

"இண்டைக்கு இருமல் மட்டுந்தானோ அண்ணை, காய்ச்சலும் இருக்கோ?"

"விடிய ஓடினது."

"நான் இல்லாத நேரம் பாத்து ஓடியிருக்கு. வெக்கப்படுது போலை."

அது வெட்கம் அல்ல, சூடு. ஆறிய எஞ்சின் சாவியைத் திருப்பியதும் பிடித்துவிடும். ஓடிச் சூடேறியபின் நிறுத்தினால் மட்டும், ஆறும்வரை மறுபடி பிடிக்காது. டீசலை அனுப்பும் பம்ப் தேய்ந்தால் வருகிற குணம் இது என்று குகதாசனுக்கு நன்றாகத் தெரியும். புதுப் பம்ப் போட்டால் தீர்ந்துபோகும். ஆனால் பழசைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது பூட்டுவது வைத்தியம் அல்ல, அது நோயிடம் தோற்றுப்போவது என்பது அவர் கொள்கை. ஆகவே நனைத்த துவாயைப் பம்பின் மேல் போட்டுவிட்டுக் காய்ச்சல்காரரின் தலைமாட்டில் இருப்பதுபோலப் பக்கத்தில் இருப்பார். சந்தி வரை கொண்டுபோக அவர் துணியவில்லை. அங்கே நின்றுவிட்டால், பஞ்சலிங்கத்துக்கு ஆயுள் முழுவதும் பேச்சுக்குப் பஞ்சமிராது.

அந்த ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து ஊர்க்காரன் வாகீசன் வந்தான். பெரியபிள்ளையான மகள் ஜெயனிக்குச் சாமத்திய வீடு. வளவுக்குள் வந்தவன் கிரீம் நிறப் பிக்கப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எங்கடை ஆக்கள் பிள்ளையளை ஹெலிகொப்டரிலையும் இறக்கிப் போட்டினம், பல்லக்கிலையும் தூக்கிப் போட்டினம் அண்ணை. இதின்ரை பின்பெட்டியிலை சிம்மாசனம் வைச்சுப் பிள்ளையை இருத்தினால் வித்தியாசமாய் இருக்கும். ஓடுமோ?"

குகதாசன் வாய் திறப்பதற்குள் மதில் பதில் சொன்னது.

"பள்ளத்திலை விட்டால் ஓடும் தம்பி. இஞ்சை பள்ளம் இல்லை, அதுதான் கரைச்சல்."

"ஓடும்," என்றார் குகதாசன், மதிலைப் பார்க்காமல். "என்ன வேகம் வேணும் எண்டு சொல்லும்."

"வைரவர் கோயிலடியிலையிருந்து மண்டபம் மட்டும், மேளத்துக்குப் பின்னாலை. நடக்கிற வேகம் காணும்."

குகதாசனுக்குப் புல்லரித்தது. வழக்கமான கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் அந்தப் பிக்கப்புக்கு ஒரு குட்டித் தண்டு உண்டு. அதை மாற்றிவிட்டால் நான்கு சில்லுகளும் சேர்ந்து இழுக்கும். வேகம் எருமை நடையாகும். செங்குத்து மலைக்கும் சேற்றுக்கும் என்று ஜப்பான்காரன் செய்து வைத்தது. இந்தக் குடாநாட்டில் அதற்கு வேலையே இருந்ததில்லை. இப்போது ஒரு சாமத்திய வீடு வந்து அதை அழைத்தது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: கோயிலடியிலிருந்து மண்டபம் வரை, ஊர் பார்க்க, அந்த வாகனம் தன் எஞ்சினில் போகவேண்டும். வீட்டில் ஆறிய எஞ்சினை எடுப்பது, மண்டபம் போய்ச் சேரும்வரை எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாமல் விடுவது என்று தீர்மானித்தார்.

அன்று எல்லாம் சரியாகவே நடந்தது. முதல் திருப்பிலேயே பிடித்தது. மல்லிகைச் சரமும் பட்டும் சுற்றிய பிக்கப் கோயிலடியில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. பட்டு வேட்டியும் பட்டுச் சால்வையுமாக நின்ற பஞ்சலிங்கம் அதைக் கண்டார். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். குகதாசனின் வாழ்க்கையில் அது ஒரு நல்ல நிமிடம். பின்பெட்டியில் சிம்மாசனத்தில் ஜெயனி, தன் எடைக்குச் சமமான அலங்காரத்தோடு இருந்தாள்.

பிறகு கொலின்ஸ் வந்தான். குருநகர்ப் பொடியன், வீடியோக்காரன். சுபநேரத்தைக் குறிப்பது ஐயர்; அது எப்போது தொடங்கும் என்று சொல்வது கொலின்ஸ்.

"அங்கிள், எஞ்சினை நிப்பாட்டுங்கோ."

"ஏன் தம்பி?"

"புகை பிள்ளையின்ரை சாறியிலை படுது. மேளமும் கேக்கேல்லை. ஆக்கள் தள்ளுவினம், நீங்கள் ஸ்ரேறிங்கை மட்டும் பிடியுங்கோ."

"குட்டிக் கியர் இருக்கு. தள்ளுறதை விட மெதுவாய்ப் போகும்."

"போகும் அங்கிள். சத்தம் போகாதே."

வாகீசன் ஓடிவந்தான். "நிப்பாட்டுங்கோ அண்ணை. அங்கை போய்த் திருப்பி ஸ்ரார்ட் பண்ணலாம்தானே?"

மாட்டேன் என்றால், நிறுத்தினால் பிடிக்காது என்று ஒத்துக்கொண்டதாகும். நிறுத்தினால், ஊர் பார்க்கத் தள்ளுப்படவேண்டும். சற்றுத் தள்ளி நின்ற பஞ்சலிங்கம் புருவத்தை உயர்த்தி இந்தப் பதிலுக்காகவே காத்திருந்தார்.

"பண்ணலாம்," என்று குகதாசன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி ஓய்ந்தது.

பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. முதலாவதாகக் கை வைத்தவர் பஞ்சலிங்கம். "இவ்வளவு காலமும் காத்திருந்தனான் அண்ணை," என்றார் அன்பாக.

பிக்கப் அசைந்தது. பத்தடிக்கு ஒருமுறை கொலின்ஸ் நிறுத்தினான். பூத் தூவுவது சரிவரவில்லை, திரும்பத் தூவினார்கள். மாமிமாரின் தட்டு வரிசை கோணலாயிற்று, திரும்ப வந்தார்கள். எஞ்சின் புகை கூடாதென்ற கொலின்ஸ், ஒரு புகை மெஷினை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தான். அது வெள்ளை வெள்ளையாகக் கக்கியதில் ஐயர் இருமினார்.

முன்பக்கத்துக்கும் பின்பெட்டிக்கும் நடுவில் இருந்த சின்ன யன்னலால் ஜெயனியின் குரல் வந்தது.

"அங்கிள், இது ஓடாதோ?"

"ஓடும் பிள்ளை."

"அப்ப ஏன் தள்ளுகினம்?"

குகதாசன் ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்பாட்டைக் கேளுங்கோ."

மண்டப வாசலில் பிள்ளையை இறக்கி ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். பந்தி என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவுதான், வாசலில் ஒரு குருவி இல்லை. பஞ்சலிங்கம் மட்டும் கையில் படிந்த கிறீசைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டு நின்றார். குகதாசன் நம்பிக்கையில்லாமல் சாவியைத் திருப்பினார். அரைத் திருப்பிலேயே எஞ்சின் பிடித்தது. கொலின்ஸ் நிறுத்தி நிறுத்தி எடுத்த அழகில் பம்ப் பச்சைத் தண்ணீராய் ஆறிப்போயிருந்தது.

சாட்சி கிடைத்துவிட்டார். குகதாசன் யன்னலால் தலையை நீட்டினார்.

"பாத்தீரே?"

"பாத்தன் அண்ணை," என்றார் பஞ்சலிங்கம். "நாங்கள் தள்ளின தள்ளிலைதான் பிடிச்சிருக்கு."

கை கழுவிவிட்டு உள்ளே போய், சோறு வரும்வரை அதையே பந்தி முழுக்கச் சொன்னார்.

வீடியோ உலகம் சுற்றியது. மெதுவான ஓட்டத்தில், பூமழைக்கு நடுவே, பட்டு வேட்டிக்காரர்கள் ஒரு பிக்கப்பைத் தள்ளுகிறார்கள். உள்ளே செத்தவீட்டு முகத்தோடு ஒருவர் ஸ்ரேறிங் பிடிக்கிறார். லண்டனிலிருந்து உதயகலாவின் தங்கை, "பாவம் அத்தான், கடைசி நேரத்திலை காலை வாரிப்போட்டுதாம்" என்று துக்கம் விசாரித்தாள். அதன்பிறகு வந்த அழைப்புகள் வேறு வகை. மானிப்பாயிலிருந்து ஒரு கலியாணம், சாவகச்சேரியிலிருந்து ஒரு சாமத்திய வீடு. எல்லோருக்கும் அந்தத் தள்ளுகிற பிக்கப்தான் வேண்டும். எஞ்சினில் ஓட்டித் தருகிறேன் என்று குகதாசன் சொன்னபோது மறுமுனையில் ஏமாற்றத்தோடு போனை வைத்தார்கள். பிறகு போனை உதயகலா எடுக்கத் தொடங்கினாள்.

"ஓம், தள்ளலாம். ஆக்களை நீங்கள்தான் கொண்டரோணும்."

தை மாதம் ஒரு காலை, குகதாசன் கிரீம் நிறப் பிக்கப்பில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மணிபோல் பிடித்தது. மதிலுக்கு மேலே தலை வந்தது.

"சும்மா சும்மா ஸ்ரார்ட் பண்ணிப் பழுதாக்கிப் போடாதேங்கோ அண்ணை. வாற கிழமை கலியாணம் இருக்கு."

குகதாசன் குட்டித் தண்டை மாற்றினார். பொனட்டின் மேல் காய்ந்த ஒடியல் ஒன்றும் சிந்தாமல், பிக்கப் படலை வரை ஊர்ந்து போய் அதே வேகத்தில் பின்னால் ஊர்ந்து வந்தது. மதிலோரம் வந்ததும் எஞ்சினை ஓடவிட்டபடி நின்று, அக்சிலேற்றரை நன்றாக மிதித்தார். கரும்புகை எழுந்து, பஞ்சலிங்கம் கொடியில் காயப்போட்டிருந்த பட்டு வேட்டியைத் தேடிப் போனது.