அம்மை குத்தப் போனவனும் கருப்பையாவின் கேள்விகளும்

அம்மை குத்தும் வேலையில் ஊசி குத்துவது சுலபம். அதற்கு முன்னால் ஊரார் கேட்கும் கேள்விகளைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானல் மலைக் கிராமங்களில் எனக்கு அதுதான் பிழைப்பு. வரி கேட்கவும் கொசு மருந்தடிக்கவும் வீடு வீடாக ஏறி இறங்கிய சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரிசு எது?

வடகவுஞ்சிப் பக்கம் ஒரு சிற்றூர். பக்கத்து மலையில் பெரியம்மை வந்துவிட்டது. அது இங்கே வருவதற்குள் பிள்ளைகளுக்குக் குத்தியாக வேண்டும். ஊர் மந்தையில் பெட்டியைத் திறந்ததுமே பூண்டு வெள்ளாமைக்காரர் கருப்பையா எழுந்தார். “ஆத்தா பெரிசா, உங்க ஊசி பெரிசா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றார்.

ஆத்தா என்றால், அப்புறம் ஊசி எதற்கு என்பார். ஊசி என்றால் சாமி குத்தம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. “ஆத்தாவைக் கும்பிட்டுக்கிட்டே ஊசியும் போட்டுக்கலாமுங்க. ரெண்டுக்கும் எதுக்குப் போட்டி? கேள்வியே சரியில்லையே” என்றேன். கருப்பையா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். “பதில் தெரியலைன்னதும் கேள்வியைக் குத்தம் சொல்றாரு பாருங்கப்பா!”

செத்த எருமை

மறுநாள் வெள்ளனே அவர் வீட்டுக்கே போனேன். அவருடைய சின்ன மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பெரியம்மையில் கண் போன குழந்தைகளைப் பார்த்தவன் நான்.

“போன வருசம் நீங்க வந்துட்டுப் போன மறுநாளே என் எருமை செத்துச்சு. அதை என்ன பண்ணுனீங்க?” என்றார் கருப்பையா. எருமையை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாலும் திருடன் மறுத்த மாதிரிதான் இருக்கும். அதற்குள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் எழுந்து, மகளின் கையைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கணவரிடம் அவர் கேட்டது இவ்வளவுதான்: “அன்னைக்கு உங்க அக்காவும்தான் வந்துட்டுப் போனாக. அவுகளையும் கூப்பிட்டு விசாரிப்பமா?”

பாசம் இருக்கா?

அப்போதும் பாதி ஊர் கதவைத் திறக்கவில்லை. சில வாரங்களில் அம்மை ஊருக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மை கண்ட வீட்டுப் பிள்ளையோடு விளையாடித் திரிந்தவள் கருப்பையாவின் மகள். ஊசி போட்டிருந்த அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கருப்பையா என்னைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் தகப்பனை வெளியே அழைத்து, பிள்ளைப் பாசத்தைப் பற்றி ஒரே கேள்வி. ஊசிக்குப் பயந்த தகப்பனுக்குப் பிள்ளைமேல் பாசம் இல்லாமலா போகும்? அவர் கேட்டதும் கோணல் கேள்விதான் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் வாயைத் திறக்காமல் வரிசையாகக் குத்திக்கொண்டே போனேன். கடைசி வீட்டு வாசலிலும் அவர் குரல் குறையவில்லை: “உனக்குப் புள்ளை மேல பாசம் இருக்கா, இல்லையா? இருந்தா வெரசா கையை நீட்டச் சொல்லு!”

யார் கோணலாகக் கேள்வி கேட்டாலும் உடனே பிடித்துவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் கருப்பையாவுக்கு ஆயுசு முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.