பிணமாக நடித்தவர்

எங்கள் நாடகத்தில் பிணமாக நடித்தவர் ஒரு லைன்மேன். நெட்டையான ஆள், பாயில் படுத்தால் பாதங்கள் வெளியே நீண்டுவிடும். பாளையங்கோட்டையில் இருபது நாள் ஒத்திகை நடந்தது. ஒரு நாள் தவறாமல், வேலை முடிந்த கையோடு காக்கிச் சட்டையில் வந்து, கால் பெருவிரல்கள் இரண்டையும் தானே துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது.

மனைவியாக நடித்தவள் நான், பள்ளி ஆசிரியை. "சும்மா படுத்துக் கெடக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி தெனமும் வாரிய?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் அசைஞ்சா நீங்க அழுதது பொய்யாப் போயிரும்லா டீச்சர். நீங்க அழுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

அரங்கேற்றத்தன்று அவர் உதட்டில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. மூக்கில் ஏறியது, கண்ணிமைக்குப் போனது. அவர் அசையவில்லை. முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. நான் வசனத்தை விட்டுவிட்டு, துக்க வீட்டில் செய்வதுபோல் முந்தானையால் ஈயை விரட்டினேன். விரட்டிக்கொண்டே இருந்தேன். சிரிப்பு அடங்கியது. எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

திரை விழுந்ததும் விரல் கட்டை அவிழ்த்தபடி கேட்டார்: "இத ஏன் டீச்சர் ஒத்திகையில செய்யல?"

"அப்போ ஈ வரலியே அண்ணாச்சி."

"அப்பவும் நான் செத்துத்தான கெடந்தேன்."

மறுவாரம் டவுனில் அதே நாடகத்தை மீண்டும் போட்டோம். ஈ எதுவும் வரவில்லை. நான் முந்தானையால் விசிறிக்கொண்டேதான் அழுதேன்.