வேதக்காரன் வரப்பு

லாசர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் மனைவி சூசையம்மாளுக்கு ஐந்து வயது கூடிவிட்டது.

பிரிவுபசார விழாவில் கூட வேலை பார்த்த ஒருவர், "உங்க ஆளுகள்லாம் தாது வருசப் பஞ்சத்துல கஞ்சிக்குத்தானே வேதத்துக்குப் போனாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். லாசருக்குக் கோபம் வரவில்லை. இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. அதுதான் வினையாகப் போனது.

கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலுக்கு வருகிற மனுஷன். இப்போது சாக்கு வேறு கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை அவள் சேலை மாற்றும்போதெல்லாம், "கஞ்சிக்கு மாறுனவன் பேரனுக்கு எதுக்குடி பூசை?" என்பார்.

"பசிச்சவன் குடிச்சான். அதுல உங்களுக்கு என்ன கேவலம்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போவாள். ஆனால் பூசை பாதியில் அவளுக்கும் உறுத்தும். நிஜமாகவே கஞ்சிதானா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முப்பது வருடமாகக் கோயிலில் மறைக்கல்வி சொல்லிக் கொடுக்கிறவள், இதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

அதை நிரூபித்தே தீருவது என்று லாசர் கோயில் பங்கு அலுவலகத்துப் பழைய பதிவேடுகளில் இறங்கினார். சாப்பாட்டு மேசை முழுக்க ஜெராக்ஸ் தாள். இருவரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு தாளை நகர்த்தினால் போதும், வீடே இரண்டுபடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"கணக்கு இடிக்குது, சூசை. எங்க பாட்டனுக்குப் பாட்டன், காளைங்கிறவரு பேரு கஞ்சித்தொட்டி நோட்டுல இருக்கு. ஆயிரத்தெண்ணூத்தி எழுபத்தேழுல. பொண்டாட்டி, மூணு பிள்ளைக. ஆனா ஞானஸ்நானம் வாங்குனது எண்பத்தொம்பதுல! பன்னெண்டு வருசம்! பஞ்சம் போயி, மழை பேஞ்சு, வயிறு நெறஞ்சதுக்கப்பறம் எதுக்கு வந்தாரு?"

"என்னையக் கேட்டா? நானா கையப் பிடிச்சுக் கூட்டியாந்தேன்?"

அதோடு விட்டாரா? பதிவேட்டில் ஊர், எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு பட்டி என்று இருந்தது. அடுத்த சனிக்கிழமை போயே ஆகவேண்டும் என்றார். அவளுக்குத் திருத்தாத மறைக்கல்விப் பரீட்சைத்தாள் நாற்பது கிடந்தது. தனியாக அனுப்பினால் யாரிடமாவது மல்லுக்கட்டி நிற்பார் என்று அவளும் கிளம்பினாள். உசிலம்பட்டியில் பஸ் மாறி, வெயிலில் ஒன்றரை மைல் நடந்து, நான்கு வீட்டில் "அப்படி யாரும் இல்லையே" கேட்ட பிறகு, ஐந்தாவதாக மொக்கையன் என்ற விவசாயியைக் காட்டினார்கள். காளையின் அண்ணன் வழிவந்தவர். நெற்றியில் திருநீறு, கையில் மோட்டார் ரிப்பேர் எண்ணெய்.

"அட, வேதக்கார வீட்டு ஆளுகளா! வாங்கண்ணே, வாங்க மதினி" என்றவர் உட்காரக்கூட விடாமல் வயலுக்கே கூட்டிப்போனார். கடலைக் கொல்லைக்கு நடுவே ஒரு வரப்பைக் காட்டினார்.

"இதுக்குப் பேரே வேதக்காரன் வரப்புதான். உங்க பாட்டன் பொல்லாத ஆளுண்ணே. உழும்போதெல்லாம் வரப்பை வெட்டி வெட்டி, எங்க பாட்டன் நெலத்துல ரெண்டு முழம் உள்ள வந்துட்டாரு. ஏழு வருசம் பேச்சுவார்த்தை கெடையாது. ஞானஸ்நானம் வாங்குன மறுவாரம், விடிஞ்சும் விடியாம மம்பட்டியோட தனியா நின்னாராம். புதுசா என்னமோ பண்ணுறான்னு எங்க பாட்டன் கம்பெடுத்துட்டு ஓடியிருக்காரு. பாத்தா, இவரு வரப்பைத் திருப்பிக் கட்டிக்கிட்டு இருக்காரு. எடுத்தது ரெண்டு முழம், விட்டது மூணு."

"உங்க பாட்டன் என்ன சொன்னாரு?" என்றாள் சூசையம்மாள்.

"அவரா மதினி? கம்பைக் கீழ போட்டுட்டு வந்துட்டாரு. சாமி மாறிப் போனவன்னு கோவம் இருந்துச்சு. ஆனா அந்த வரப்பை இன்னிக்கு வரைக்கும் யாரும் தொட்டதில்ல."

எந்த அற்புதமும் இல்லை, கனவும் இல்லை. ஒரு முரட்டு மனுஷன் மண்வெட்டியோடு வந்து நின்றிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினாள். இத்தனை நாள் உறுத்திய கேள்வி அந்த மண்ணிலேயே விழுந்துவிட்டது போலிருந்தது.

திரும்பும் வழியெல்லாம் லாசர் முழங்கையை நீட்டி நீட்டி மூன்று முழத்தை அளந்துகொண்டே வந்தார். அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை அவளுக்கு முன்னே குளித்து, வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். "எம்புட்டு நேரந்தான் கெளம்புவ?" என்று அதட்டல் வேறு.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பிடித்து முக்கால் மணி நேரம் கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் அதே கூத்துதான். அவள் செருப்பு மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி நிற்பாள்.

ஒரு மாலை சென்னையிலிருந்து மகள் ஆஷ்லின் போன் செய்தபோது, "எங்க பாட்டன் ஆறு முழம் விட்டுக்கொடுத்தாரும்மா" என்று லாசர் அளந்துகொண்டிருந்தார்.

சூசையம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"மூணு முழம்டி. உங்கப்பா சொல்றதக் கேக்காத. நான் சொல்றேன், மொதல்ல இருந்து கேளு."