பெருக்கி வைத்த கரை

“அந்தத் தண்ணியிலயா? பொம்பளைங்களா? நானே நேர்ல வந்து பார்த்தேனேம்மா. ஒரு ஈ காக்கா இல்லையே.”

செங்கல்பட்டில் தன் வீட்டு முன்கூடத்தில் சாய்ந்துகொண்டு எங்கள் ஜில்லா போர்டு மெம்பர் என்னிடம் இப்படிக் கேட்டார். பொய் சொல்கிறாய் என்று அவர் சொல்லவில்லை. குழந்தை கதை சொன்னால் கேட்போமே, அந்த முகத்தோடு கேட்டார். அம்மாவும் அத்தையும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். உள்ளே வரச் சொல்ல ஆளில்லை. நான் மட்டும், யாரும் சொல்லாமலே, பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

என் கோபத்தில் பாதிதான் அவருக்கு. மீதி எங்கள் ஊருக்கு.

முட்டுக்காட்டுக் கழியில் கடல் உள்ளே வந்து ஆழமில்லாமல் பரந்து நிற்கும். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. அறுப்பு முடிந்தால் பிறர் வயலிலும் வேலை கிடையாது. அந்த மாதங்களில் எங்கள் பெண்கள் கழியில் இறங்குவார்கள். வலை இல்லை, படகு இல்லை. ஓலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, சேற்றை இரண்டு கையாலும் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். வாயில் பறி இருப்பதால் மணிக்கணக்கில் பேச்சு இருக்காது. என் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். என் சிலேட்டும் பாவாடையும் அந்தச் சேற்றிலிருந்து வந்தவை. இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை.

கூச்சம் நாட்டாமைக்குத்தான். பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டும் அவரே. மெம்பர் கழியைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் தெருத்தெருவாக வந்து சொன்னார்.

“பொம்பளைங்க யாரும் அன்னிக்குத் தண்ணில எறங்கக் கூடாது. ஈரத் துணியோட, வாயில கூடைய கடிச்சிக்கினு நின்னா, நம்மள பத்தி இன்னா நெனப்பாரு?”

பெரிய மனிதர் வந்தால் வீட்டுக் கந்தலை ஒளித்து வைப்பது எங்கள் ஊர் மரியாதை. அதைக் கழிக்கும் செய்தார்கள். இறால் காய்ந்துகொண்டிருந்த பாய்களைச் சுருட்டி எடுத்தார்கள். பறிகளை வீட்டுக்குள் போட்டார்கள். கரையில் ஒரு செதில் கூட இல்லாமல் பெருக்கித் தண்ணீர் தெளித்தார்கள். வரவேற்பு மடல் படிக்க என்னை நிறுத்தினார்கள்.

மெம்பர் ஓர் உப்பு வியாபாரியோடு வந்தார். மாலையோடு கரையில் நின்று பார்த்தார். “எவ்வளவு பெரிய இடம், சும்மா கெடக்குதே” என்றார்.

“ஆமாங்க ஐயா, சும்மாதான் கீது” என்றார் நாட்டாமை. பக்கத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியவர் சொன்னால் ஆமாம் போட்டே பழகிய தலைகள்.

சில வாரங்களில் கரை நெடுக முளை அடித்தார்கள். உப்பளம் வருகிறது, கழியை வரப்புக் கட்டி மறிக்கப் போகிறார்கள் என்றார்கள். அப்போதுதான் ஊர் விழித்தது. நாட்டாமையோ, “மெம்பரே சிபாரிசு பண்ணதுக்கு மேல நாம இன்னா பேசறது?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதனால்தான் அம்மாவையும் அத்தையையும் அழைத்துக்கொண்டு நான் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

“நீங்க வர்றீங்கன்னுதான் எங்களை உள்ள அடைச்சு வச்சாங்க. சொல்லாம வந்து பாருங்க” என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் வந்தார். ஒரு காலையில், மாலைக்கும் மேளத்துக்கும் ஆளில்லாத நேரத்தில், அவர் கார் கரையோரம் வந்து நின்றது. தண்ணீரில் இருந்த பெண்கள் வெட்கப்பட்டுக் கழுத்து வரை அமிழ்ந்தார்கள். அத்தை மட்டும் வாயிலிருந்து பறியை எடுக்காமலே கரையேறி, அவர் காலடியில் கவிழ்த்தாள். இறால் துள்ளியது. அவர் ஓரடி பின்வாங்கினார்.

“இத்தனையும் கையாலயா?”

“பின்ன, காலாலயா புடிப்பாங்க நைனா?” என்றாள் அத்தை.

அந்த வாரமே முளைகளைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் சொல்லித்தான் பிடுங்கினார்கள். அதை மறுக்க மாட்டேன். வேறொருவராக இருந்தால் வந்தே இருக்க மாட்டார்.

உடனே எங்கள் ஊர் மறுபடியும் பந்தல் போட்டது. ‘கழி காத்த வள்ளல்’ என்று துணியில் எழுதிக் கட்டினார்கள். அன்று காலை விறகுக்குப் போய் வந்த அம்மா சுமையை இறக்காமலே சொன்னாள்: “முள பூரா வடக்கால நட்டு கீதுடி.”

போய்ப் பார்த்தேன். வடகரைச் சதுப்பில், உமரிச் செடிகளுக்கு நடுவே, அதே முளைகள். பூநாரைகள் வந்து இறங்கும் இடம் அது. இறால் குஞ்சு வளர்வதும் அங்கே உள்ள புல்லில்தான். அதை மறித்தால் எங்கள் பக்கம் வெறும் உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும். அங்கே மீன் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கு வோட்டர் லிஸ்டில் பேர் கிடையாது. அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாட்டாமை என் கையில் பாராட்டு மடலைத் திணித்தார். எழுதியவரே படிக்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

“காரியம் ஆனதும் திமிரப் பாரு” என்றார்.

மேடையில் மெம்பர், “நான் இருக்கிற வரைக்கும் இந்தக் கழிக்கு ஒண்ணும் வராது” என்றார். கைதட்டினார்கள். அவர் இருக்கிற வரைக்கும். கழி என்ன அவர் வீட்டுக் கிணறா? மனம் வந்தால் காப்பார், மனம் மாறினால் விற்பார் என்றால் அதற்குப் பெயர் காவலா? மேடையிலிருந்து இறங்கியவரிடம் வடகரையைப் பற்றிக் கேட்டேன்.

“உங்க பக்கந்தான் விட்டாச்சேம்மா. இன்னும் என்ன?” என்றார். கோபமே இல்லாமல், கழுத்து மாலையைக் கழற்றிக்கொண்டே.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனேன். வடகரையும் எங்கள் பஞ்சாயத்துப் புறம்போக்குதான், உப்பளத்துக்கு விடுவதானால் பஞ்சாயத்தின் சம்மதத் தீர்மானம் கேட்பார்கள் என்று குமாஸ்தா சொன்னார். எங்கள் பக்கத்துத் தென்கரைக்கு முன்பு தீர்மானம் போட்டதுபோலவே, வரும் பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்ததும் வடகரைக்கும் போட்டுத் தருவதாக நாட்டாமை ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது.

தேர்தலில் நிற்கும் வயது எனக்கு ஆகிவிட்டது. நேற்று நாட்டாமையை எதிர்த்து மனு கொடுத்துவிட்டேன். முன்மொழிந்து ரேகை வைத்தவள் அத்தை.