வைக்கோல் டயரில் பத்திர ஆபீசுக்கு

வாடகைக்கு ஜீப் பேசினால் நான் முதலில் சக்கரத்தைத்தான் எண்ணுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் நான். பஸ்ஸின் பெயர்ப் பலகைகூட எனக்கு வெறும் கோடுதான், நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவேன். ஆனால் ஐந்து வரைக்கும் நன்றாக எண்ணத் தெரியும். கீழே நான்கு, பின்னால் ஒன்று. பின்னால் அந்த ஐந்தாவது சக்கரம் இல்லாத வண்டியில் கால் வைக்க மாட்டேன்.

இந்தப் புத்தி சும்மா வரவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போன வருஷங்களில் எத்தனையோ தடவை நடுவழியில் நின்றிருக்கிறேன். ஒரு ஜீப்பில் பதினைந்து பெண்கள், பதினைந்து தூக்குவாளி. மலை வளைவில் டயர் போகும். டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிவார். அந்தச் சொறியலிலேயே தெரிந்துவிடும், மாற்றுச் சக்கரம் இல்லை என்று. முதல் கால் மணி நேரம் எல்லாரும் டிரைவரைத் திட்டுவோம். அடுத்த கால் மணி நேரம் ரோட்டைத் திட்டுவோம். அப்புறம் திட்ட ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருப்போம். அந்தச் சும்மா உட்காருவதில் வரும் அலுப்பு, பகல் முழுக்கக் குனிந்து களை எடுத்தாலும் வராது.

அந்த மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்று பெயர். ஆம்பிளைகள் அந்தப் பெயரை வேறு ஒன்றுக்கும் சொல்வார்கள், வீட்டில் ஒருத்தி இருக்க வெளியில் இன்னொருத்தி வைத்துக்கொண்டால். அது அப்போது எனக்குத் தெரியாது. ஒருநாள் காலையில் டீக்கடை முன்னால், ஊரே நிற்கும்போது, ஒரு டிரைவரிடம் சத்தமாகக் கேட்டேன், "ஏப்பா, ஒனக்கு ஸ்டெப்னி இருக்கா?" டீக்கடையே சிரித்தது. அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா, இருக்குற ஒருத்திக்கே சோறு போட முடியல." எனக்கு விஷயம் விளங்க நாலு நாள் ஆனது. விளங்கிய அன்று அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனாலும் கேட்பதை விடவில்லை. இப்போதும் அப்படியேதான் கேட்பேன்.

இப்படி எண்ணிப் பார்த்து, கேட்டுப் பார்த்து ஏறிய ஒரு ஜீப்தான் என்னை ஏமாற்றியது. எங்கள் பக்கம் செல்போன் அப்போதுதான் எட்டிப் பார்த்த சமயம். நான் சொல்லச் சொல்ல மகள் இதை எழுதிக்கொண்டே, எந்த வருஷம் என்று கேட்கிறாள். என்னிடம் வருஷத்துக்குக் கணக்கு இல்லை. மூத்த பேத்திக்குப் பல் விழுந்த வருஷம், அவ்வளவுதான்.

எங்கள் அப்பா விட்டுப் போன வீடு பொட்டிப்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் இருக்கிறது. ஓட்டு வீடு, இரண்டே அறை. அண்ணன், நான், தங்கச்சி மூன்று பேருக்கும் அது பொது. அண்ணன் திருப்பூரில் பிள்ளைகளோடு இருந்தார். நான் என் வீட்டுக்காரர் ஊரில். தங்கச்சியைக் கட்டினவன் எங்கோ போய்விட்டான். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில்தான் இருந்தாள். நானும் அண்ணனும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, வீட்டை அவள் பெயருக்கு எழுதி வைப்பது என்று பேச்சு. அண்ணன் வாயில் "சரி" என்று வர ஆறு வருஷம் ஆனது. மதினிக்கு மனசில்லை. பூர்வீக இடத்தில் பேரனுக்கு ஒரு அடியாவது இருக்கட்டும் என்று நினைத்தார். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் இடத்தில் இருந்தால் நானும் நினைத்திருப்பேன்.

அண்ணன் ஒரே ஒரு நாளைக்கு வந்திருந்தார். சாயங்காலம் போடியிலிருந்து திருப்பூர் பஸ். அன்றைக்குப் பதியாவிட்டால் அடுத்து வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும். அவள் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. பழைய பத்திரமும் வீட்டு வரி ரசீதும் வைத்த மஞ்சள் பையை மடியை விட்டு இறக்கவும் இல்லை.

நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்து வைத்திருந்தோம். அதுதான் தப்பு. முகூர்த்த நாளில் ஊரில் இருக்கிற வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விடும். அலைந்து திரிந்து கிடைத்தது ஒரே ஒரு பழைய ஜீப். நான் சுற்றி வந்து எண்ணினேன். ஐந்து. ஐந்தாவதற்குச் சிங்கப் படம் போட்ட உறை வேறு. வழக்கம்போலக் கேட்டேன். டிரைவர் சிரித்தார். "எனக்கா, வண்டிக்கா ஆத்தா?" கெட்டிக்காரர் என்று நினைத்து ஏறிவிட்டேன். என் கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை என்பது ஏறும்போது உறைக்கவில்லை.

ராசிங்காபுரம் தாண்டி, சிலமலைக்கு முன்னால், பின் டயர் போனது. டிரைவர் முன் சக்கரத்துக்குக் கல் வைத்தார், ஆவாரங்கொப்பை ஒடித்து ரோட்டில் போட்டார். நான் கவலையே படவில்லை. "அந்த அஞ்சாவதக் கழட்டி மாட்டுப்பா" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். நானே போய் உறையின் வாரை அவிழ்த்தேன். உள்ளே மொட்டை டயர் ஒன்று. அதை மாட்ட இரும்புச் சக்கரம் இல்லை, காற்றடைக்க டியூப் இல்லை, வயிறு நிறையக் கிழிந்த சாக்கு.

"அது போலீசுக்காரக பாக்குறதுக்கு ஆத்தா."

ஏமாந்தது போலீஸ் இல்லை, நான்தான். கோபம் வர வேண்டிய இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. தங்கச்சி முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். போன டயரைக் கழற்றி டியூப்பை உருவினால், காற்றடிக்கிற வால்வு வேரோடு பிய்ந்து கிடந்தது. ஒட்டுப் போடவும் வழியில்லை. புது டியூப் வாங்கப் போடிக்குத்தான் போக வேண்டும்.

போடிக்குப் போகிற பஸ் ஒன்று வந்தது. படியில் பட்டுச் சேலையாகத் தொங்கிற்று. நிற்கவில்லை. கல்யாண வேன்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின, உள்ளேயிருந்த பெண்கள் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், வேறு என்ன செய்ய? வெயில் ஏறியது. பதினோரு மணிக்கு மேல் ஆகிவிட்டது என்று அண்ணன் சொன்னார். ஒரு மணிக்குள் வந்தால்தான் இன்றைக்கு ஆகும் என்று பத்திரம் எழுதுகிறவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அண்ணனின் செல்போன் அடித்தது. மதினிதான். அண்ணன் பக்கத்துக் கரட்டு மேட்டில் ஏறி நின்று பேசினார். எங்களுக்குக் கேட்டது "ம்... ம்... ரோட்டுலதான் நிக்கோம்... ம்" என்பது மட்டும். இறங்கி வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். நல்ல காரியத்துக்குக் கிளம்பி வழியில் தடங்கல் வந்தால், வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்து, உட்கார்ந்து எழுந்துதான் மறுபடி கிளம்ப வேண்டும். எங்கள் ஊரில் எல்லாரும் பார்க்கிற சகுனம் அது, நானும் பார்ப்பேன். அதனால் என்னால் வாய் திறக்க முடியவில்லை. அந்தச் சமயத்தில் எதிர்ப்பக்கமிருந்து, எங்கள் ஊருக்குப் போகிற பஸ் காலியாக வந்து நின்றது. கண்டக்டர், இரக்கப்பட்டு, ஏறுங்கள் என்று கூப்பிட்டார்.

அண்ணன் படியில் ஒரு காலை வைத்தார். "சகுனம் சரியில்லாத்தா. வீட்டுக்குப் போவம். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

தங்கச்சி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தபடியே இருந்தாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எந்த வீட்டுக்குண்ணே?"

கண்டக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் காலை எடுத்துக் கீழே வைத்தார். பஸ் போய்விட்டது.

அப்புறம் டிரைவர், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, வைக்கோல் இருந்தால் டயருக்குள் அடைத்து மெதுவாக உருட்டிவிடலாம், மாட்டு வண்டி வேகம்தான் வரும் என்று முனகினார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பில் மாட்டுக் கொட்டகையும் பக்கத்தில் ஒரு வைக்கோல் படப்பும் நின்றன. நான் போய்க் கேட்டேன். தோப்புக்காரப் பெண் மாட்டுக்கா என்று கேட்டாள். "டயருக்குத்தா" என்றேன்.

"எந்தூர்லக்கா டயரு வைக்கோல் திங்குது?"

"எங்கூரு டயரு பசி பொறுக்காதுத்தா" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு கட்டு உருவிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

சும்மா அள்ளி அடைத்தால் கால் மைலில் தூளாகிவிடும். பிரியாகத் திரித்து, கயிறு மாதிரி இறுக்கிச் சுற்றி அடைக்க வேண்டும். பிரி திரிக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வைக்கோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, இன்னொருவர் குச்சியில் மாட்டி முறுக்கிக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும். டிரைவர் டயரின் ஒரு பக்கத்தை நெம்பிக்கொண்டிருந்தார். குச்சியை யார் பிடிப்பது என்று நான் பார்க்கும்போது, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். திருப்பூரில் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி.

நான் விட்டேன், அவர் முறுக்கினார். பத்தடி போவதற்குள், சின்ன வயசில் திரித்த நாளைப் போலவே ஆரம்பித்துவிட்டார், "நீ இன்னும் கனத்துக் கனத்துத்தான் விடுற."

"நீ வலது பக்கம் முறுக்குறியா, இடது பக்கம் முறுக்குறியா? அத மொதல்ல சொல்லு."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செல்போன் மறுபடி அடித்தது. இரண்டு கையும் குச்சியில் இருந்ததால் எடுக்கவில்லை. தங்கச்சி பையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, திரித்த பிரியை டயருக்குள் திணித்துக் கையால் குத்திக் குத்தி இறுக்கினாள். அந்தக் குத்தில் ஆறு வருஷம் இருந்தது.

அப்புறம் அந்தப் பயணம். அதைப் பயணம் என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடுப்பில் ஒரு குத்து. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு ஆடு மேய்க்கிறவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்து, டிரைவரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தார். டயர் சூடாகி, கருகின வாடை வந்து, புகையும் வந்தது. இரண்டு இடத்தில் நிறுத்தி, பம்புசெட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றினோம். எனக்கு அலுப்பில் கண் சொருகியது, ஆனால் தூங்கினால் வண்டி நின்றுவிடும் என்று ஒரு பயம்.

போடி பத்திர ஆபீசில் நாங்கள் இறங்கும்போது ஒரு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி. அண்ணன் கையெழுத்துப் போட்டார், காகிதத்தின் ஓரத்தில் அவர் விரல் கறுப்பாகப் பதிந்தது. அடுத்து என் கைநாட்டு. கிளார்க் என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மை வேண்டாம் போலிருக்கே என்றார். டயர் கறுப்பு. எனக்குச் சிரிப்பு. ஆனால் கழுவி வந்து வைத்தால் ரேகை விழவில்லை, வெறும் மை அப்பல்தான் விழுந்தது. மறுபடி கழுவினேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தேன். மறுபடி அப்பல். உள்ளே ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணன் மடியில் போன் அடித்தது, அதை அணைக்கத் தெரியாமல் வேட்டி மடிப்போடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தங்கச்சிதான் என் கையை இழுத்தாள். தன் உச்சந்தலையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெயை விரலால் வழித்து, என் கட்டைவிரலில் தேய்த்து, முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மறுபடி தேய்த்து மறுபடி துடைத்தாள். பச்சைப் பிள்ளைக்கு மூக்குச் சிந்துகிற மாதிரி. அவள் முந்தானை கறுத்தது, என் விரல் வெளுத்தது. மூன்றாவது தடவை வைத்தேன். கிளார்க் குனிந்து பார்த்தார். "இது ரேகை" என்றார்.

அண்ணன் பஸ் ஏறும்போது அவளிடம், ஓடு ரெண்டு மூன்று இடத்தில் விலகியிருக்கிறது, மழைக்கு முன்னால் மாற்றிவிடு என்று மட்டும் சொன்னார். என்னைப் பார்த்து, போய் வருகிறேன் என்பது போலத் தலையை ஆட்டினார். டிரைவர் புது டியூப் போட்டிருந்தார். பழைய வைக்கோலைப் பஸ் ஸ்டாண்ட் பசுவுக்குக் கொட்டினார், அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊர் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. தங்கச்சி எனக்கு முன்னால் போய்ப் பூட்டைத் திறந்தாள். நான் பிறந்த வீடு, எத்தனையோ தடவை கேட்காமல் நுழைந்த வீடு. அன்றைக்கு என்னவோ வாசலிலேயே நின்றேன். அவள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீரோடு வந்தாள். எப்போதும் "வாக்கா" என்கிறவள்.

"வாங்கக்கா. தண்ணி குடிங்க."

விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள். நான் உள்ளே போய், உட்கார்ந்து, அந்தச் செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். குடித்த இடத்திலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன்.