மேஸ்திரிக்குச் சொல்லிக்கொடுத்த வழி

மேஸ்திரியை நினைத்தால் அவருடைய வலது மணிக்கட்டில் நான் கட்டிவிட்ட பச்சைக் கயிறுதான் முதலில் கண்முன் வருகிறது. திருவண்ணாமலை மாட வீதிக் கடை ஒன்றில் வாங்கியது. சிவப்பு, கறுப்பு என்று கோயில் கயிறுகள் ஏற்கெனவே அந்தக் கையில் இருந்ததால், அவற்றோடு கலந்துவிடக் கூடாது என்று பச்சையாகத் தேடிப் பிடித்தேன். எது வலது கை என்று அவர் யோசிக்கத் தேவையே இருக்கக் கூடாது. பார்த்ததும் தெரிய வேண்டும். கயிறு இருக்கும் கைப் பக்கம் மலை. அவ்வளவுதான் பாடம். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டதும் கிட்டத்தட்ட அதே அளவு காலம்தான். இப்போது நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தேன்.

அப்போது நான் தலைக்காயம் பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைநிற்கும் ஒரு சிறிய அமைப்பில் களப்பணியாளராக இருந்தேன். ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வாடகை வீடு. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், நான் உட்பட. பைக்கிலிருந்து விழுந்த கல்லூரிப் பையன் ஒருவன், பக்கவாதத்தில் பேச்சுப் போன தலைமையாசிரியர் ஒருவர், இப்படிப் பத்துப் பன்னிரண்டு பேர். சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து பஸ் ஏறுவது வரை எல்லாவற்றையும் மறுபடி பழக்குவோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை வீட்டாருக்கான கூட்டம். அதில் மனைவிமார்கள்தான் அதிகம் பேசுவார்கள். கை கால் நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறார், சிரிக்கிறார், அப்புறம் என்ன நோய், வேலைக்குப் போகாமல் நடிக்கிறார் என்று உறவுக்காரர்கள் சொல்லும் பேச்சைக் கொட்டித் தீர்க்க அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது.

மேஸ்திரி ஒரு விருந்தினர் விடுதியின் வெளிச்சுவருக்குப் பூச்சு வேலை செய்தபோது சாரத்திலிருந்து விழுந்தவர். அறுவை சிகிச்சை முடிந்து உயிரோடு வந்தார். பழையதெல்லாம் அப்படியே இருந்தது. எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் போட்டார் என்பது வரைக்கும் சொல்வார். புதியது எதுவும் பத்து நிமிடம் தங்காது. அரை மணிக்கு ஒரு முறை வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார். கிளம்பினால் எந்தத் தெருவில் நிற்கிறோம், எதற்காக வந்தோம் என்பது போய்விடும். அடி அண்ணாமலையில் அவரே கட்டிய வீடு. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முன்பு அவருக்குச் சித்தாளாக இருந்தவர், இப்போது விடுதிகளில் அறை துடைக்கும் வேலை. போகும்போது மேஸ்திரியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்.

எங்கள் கூட்டத்துக்கு முதன்முறை வந்தபோதே அக்கா இதைச் சொன்னார். எதையும் மறைக்கிற ஆள் இல்லை. அவர் உள்ளேயிருந்து கதவைத் தட்டுவாராம், தெருமுனை வரைக்கும் கேட்குமாம், இவர் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாராம். "பூட்டாம வேலைக்குப் போவணும் டீச்சர். வேற ஒண்ணும் கேக்கல" என்றார். நான் டீச்சர் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் அங்கே டீச்சர்தான்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. நினைவு தங்காதவரைத் தப்புச் செய்ய விட்டுத் திருத்தக் கூடாது. நாம் திருத்தியது அவருக்கு மறந்துவிடும், செய்த தப்பு மட்டும் கை காலில் பழகிவிடும். ஆகவே முதல் அடியிலிருந்தே சரியாக மட்டும் செய்ய வைக்க வேண்டும். அவருக்கு எதைப் பழக்குவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அது தோன்றியது. அவர் வீடும் கிரிவலப் பாதையில், எங்கள் வீடும் அதே பாதையை ஒட்டி. பாதையோ வட்டம். ஊரே மலையை வலது கைப் பக்கம் வைத்துத்தான் நடக்கிறது. அதேபோல் இவரும் நடந்தால், எங்கே மறந்து நின்றாலும் வீடு வந்துதானே ஆக வேண்டும்? அவர் கட்டிய வீடு அவருக்கு மறக்கவில்லை, பார்த்தால் உள்ளே போய்விடுவார். வழியில் உள்ள டீக்கடைக்காரர்களிடம் எங்கள் நம்பர் கொடுத்து வைத்தோம். தினமும் காலையில் நான் அவரோடு நடந்தேன். மலை முகத்துக்கு நேராக வந்தால் உடனே திரும்பி, கயிற்றுக் கைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். முதுகுக்குப் பின்னால் போனாலும் அப்படியே. அவர் மேஸ்திரி அல்லவா, நூல் பிடித்த மாதிரி நடந்தார். ஐந்தாவது மாதம் அக்கா கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் சொன்னேன், எங்களைப் பார்க்க வந்தவர்களிடம் சொன்னேன், வேலூரிலிருந்து வந்த பயிற்சியாளர் ஒருவரிடம் படம் வரைந்தே காட்டினேன். மருந்து செய்யாததை மலை செய்தது என்று ஒரு வசனம்கூட வைத்திருந்தேன். நான் பொறுமையில்லாதவள். ஒன்று கைகூடிவிட்டால் அதை நின்று பார்க்க மாட்டேன், அடுத்ததற்குத் தாவிவிடுவேன். அந்தப் பாடம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று நான் ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

பங்குனி மாதம். கீழ்பென்னாத்தூரில் அக்காவின் தங்கை வீட்டில் காதுகுத்து. இவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா, வேண்டாமா என்று அக்கா என்னிடம் கேட்டார். கேட்கும்போதே முகத்தில் தயக்கம் இருந்தது. "கூட்டிகினு போங்க அக்கா, நாலு மனுசாளப் பாக்கட்டும், ஒண்ணும் ஆவாது" என்றேன். ஒருவரையும் வீட்டுக்குள் முடக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் கொள்கை. கொள்கையைச் சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

காதுகுத்து அன்று காலை பத்து மணி வாக்கில் அக்காவிடமிருந்து போன். மேஸ்திரியைக் காணவில்லை. எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டிருக்கிறார். பந்தல் வேலை, ஆட்கள் வரவு என்று எல்லோரும் அங்கும் இங்கும் ஓடியதில் அவர் எப்போது எழுந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மச்சான் எடுத்துக்கொடுத்த புதுச் சட்டையைப் போட்டிருந்ததால், எங்கள் நம்பர் எழுதிய அட்டை பழைய சட்டைப் பையிலேயே இருந்தது. நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவர் படம் உறவுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் தம்பிதான் தேடலை நடத்திக்கொண்டிருந்தார். "ஊட்டுக்குப் போறேன்னு கிளம்பியிருப்பாரு. இங்கேர்ந்து பாத்தாலே மலை தெரியுது, மலையப் பாத்து தான் போயிருப்பாரு" என்றார். கேட்கிற யாருக்கும் அது சரியாகத்தான் படும். எனக்கும் பட்டது. திருவண்ணாமலைச் சாலையில் ஒவ்வொரு கடையாக, ஒவ்வொரு நிழற்குடையாக விசாரித்துக்கொண்டே போய் இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன்.

திரும்பி கீழ்பென்னாத்தூருக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். மேற்கே மலை நீலமாக, சின்னதாக, கையால் மறைத்துவிடலாம் போலத் தெரிந்தது. அதைப் பார்த்தவாறே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மலையைப் பார்த்துப் போகவே மாட்டார். மலை முகத்துக்கு நேராக வந்தால் அது தப்பான வழி என்று ஐந்து மாதம் பழக்கியது நான்தானே. நான் நின்ற இடத்திலேயே வலது கையை மலைப் பக்கமாக நீட்டிப் பார்த்தேன். முகம் தெற்கே திரும்பியது. அங்கே வேட்டவலம் பக்கம் போகும் சாலை இருந்தது. இத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். காரணத்தை வண்டி ஓட்டிக்கொண்டே கத்திச் சொன்னேன். ஐந்தாறு மைல் தாண்டி ஓரிடத்தில் சாலை கிழக்கே திரும்பியது. திரும்பினால் மலை முதுகுக்குப் பின்னால் போய்விடும். வண்டியை நிறுத்திவிட்டுச் சாலையை விட்டு இறங்கி, மலை வலது பக்கம் இருக்கும்படியாக வரப்பில் நடந்தோம். ஒரு வேர்க்கடலைக் கொல்லையில் பெண்கள் மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கேட்பதற்குள் ஒருவர் பம்புசெட்டைக் கை காட்டினார்.

பம்புசெட் கொட்டகையின் நிழலில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறார், கூழை மட்டும் நின்றபடியே குடித்தார் என்றார்கள். செருப்பு எங்கேயோ போயிருந்தது. வெயிலில் பாதம் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. அக்கா அழவில்லை, திட்டவில்லை. முந்தானையை வாய்க்கால் தண்ணீரில் நனைத்து அவர் காலைத் துடைக்க உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். தினமும் கூட நடந்ததில் என் முகம் மட்டும் எப்படியோ அவருக்குள் தங்கியிருந்தது.

"மலை வலது கையில தான் இருந்துச்சி டீச்சர். ஊடு தான் வர்ல" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. மட்டம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சுவர் நிற்கவில்லையே என்று வேலைத்தலத்தில் சொல்கிற மாதிரி சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. சாலை திரும்பிய இடத்தில் அவர் கொல்லைக்குள் இறங்கியதை நாங்கள் தவறவிட்டிருந்தால் அவ்வளவுதான். கொல்லை கொல்லையாக, கிணறு கிணறாக, அந்த மலையை வலது கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய வட்டம் போட்டிருப்பார், எங்கே விழுந்திருப்பார் என்று அன்றைக்குப் பூராவும் மனம் ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கு வீடு திரும்புவதற்குள் எல்லாம் மறந்துவிட்டது. காலில் ஏன் கட்டுப் போட்டிருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, கொஞ்ச நாளைக்கு, வேறு ஏதாவது ஏற்பாடு செய்கிற வரைக்கும், வெளியே போகும்போது கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். நான்தான் சொன்னேன். ஒரு மனிதரைப் பூட்டி வைப்பது எப்படிப்பட்ட காரியம் என்று மாதா மாதம் கூட்டத்தில் பேசிய அதே வாயால் சொன்னேன். இன்னொரு முறை அப்படித் தேடி அலைய என்னால் முடியாது என்பதுதான் உள்ளே இருந்தது. அவருடைய நன்மைக்கு என்று வெளியே சொன்னேன்.

அக்கா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"அவ்ளோ தூரம் நடந்தாரு. ஒரு எடத்துல கூட அவரு தப்பு பண்ணல டீச்சர். நீங்க சொன்னத அப்படியே செஞ்சாரு. தப்பு பண்ணது நீங்களும் நானும். நாம வெளிய சுத்துவோம், அவர உள்ள வெச்சிப் பூட்டணுமா?"

அக்கா பையை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து போட்டபடியே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வெளியே வந்தார். ஏதோ ஒரு வேலைக்குக் கிளம்பினார். அன்று நான் அவருக்குப் பின்னாலேயே நடந்தேன், அவர் களைத்துப்போய் ஒரு டீக்கடையில் நிற்கும் வரைக்கும்.

அதன்பிறகு, பாதையை விட்டு வெளியூர் போனால் அவரோடு ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். அதையும் அக்காதான் சொன்னார். மேஸ்திரி இன்றும் நடக்கிறார், தாடி நரைத்துவிட்டது. நான் அதே அமைப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். மேஸ்திரி தொலைந்த கதையைச் சொல்லாத வகுப்பு இல்லை. பாடம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்க்காமல் விட்டது என் பிழை என்று அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வலது கையை மலைப் பக்கம் நீட்டியதும் எனக்கு வழி தெரிந்த இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பம்புசெட் நிழலில் அவர் கிடைத்ததும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு வகுப்பை முடித்துவிடுவேன். அவரைப் பூட்டச் சொன்னது நான்தான் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.